ஆறாம் நம்பர்க் கல்

1

ரொறன்ரோவில் மலை இல்லை. நாங்கள் குடியிருக்கும் மல்வேர்னில் ஆக உயரமான இடம், குளிர்காலத்தில் கார் நிறுத்துமிடத்து மூலையில் வழித்துக் குவிக்கிற பனிக் கும்பிதான். சித்திரை முடியும் வரைக்கும் அது முழுதாகக் கரையாது. மேலே மண்ணும் குப்பையும் மூட, கறுத்துப்போய்க் கிடக்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். மலைகளைப் படித்த ஒருத்திக்கு இந்த நகரம் தந்த மலை அவ்வளவுதான்.

இந்தப் புரட்டாதியோடு நாங்கள் கனடா வந்து பத்து வருஷம். என் கணவர் சிவநேசன் வேலையால் வரும்போது கேக் ஒன்று வாங்கிவந்தார். மகள் அபிராமிக்கு அது யாருடைய பிறந்தநாள் என்று விளங்கவில்லை. "நாங்கள் இஞ்சை வந்து இறங்கின நாள்" என்றேன். "ஓ, தட்ஸ் நைஸ்" என்றுவிட்டு ஒரு துண்டை வெட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அதே கிழமைதான் யாழ்ப்பாணத்திலிருந்து என் பள்ளிச் சிநேகிதியின் கடிதமும் வந்தது. பத்து வருஷத்தில் அங்கே என்ன செய்து முடித்தாய், மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாள்.

மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் பத்து வருஷமும் ஒருநாள்கூட லீவு போடாமல் நான் செய்த வேலை ஒன்றுதான். ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

2

அவன் பெயர் ரகுநாதன். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் வகுப்பில் யாழ்ப்பாணத்தார் நாங்கள் இரண்டு பேர்தான். இறுதிப் பரீட்சையில் நான் முதலாவது, அவன் இரண்டாவது. கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் தருகிறோம் என்று கடிதம் போட்டது எனக்குத்தான். அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார்.

"பொம்பிளைப் பிள்ளை தனியப் போறதோ? கலியாணமெல்லோ பேசிக்கொண்டிருக்கிறம்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். மறுபேச்சு இல்லை. இடம் ரகுவுக்குப் போனது. போகுமுன் வந்து என்னுடைய நோட்டுக் கொப்பிகளை இரவல் கேட்டான். கொடுத்தேன். அவை திரும்பி வரவில்லை.

ஐந்து வருஷம் கழித்து நானும் கனடாவுக்கு வந்தேன். அகதியாக, கணவரோடும் மூன்று வயதுப் பிள்ளையோடும். விசாரணையில் என்ன தொழில் என்று கேட்டார்கள். "கல்லுகளைப் பற்றிப் படிச்சனான்" என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் அவசரக்காரர். பேப்பர் கைக்கு வந்தபோது தொழில் என்ற இடத்தில் 'கல் வேலை' என்று அடித்திருந்தது. திருத்தப் போனேன். திருத்துவதற்கு ஒரு ஃபோர்ம், ஃபோர்முக்கு அத்தாட்சி, அத்தாட்சி ஊரில். வேலை எடுத்துத் தரும் அலுவலகத்துப் பெண் என் பேப்பரையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தெருவுக்குக் கல் பதிக்கிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், பாரம் தூக்க ஏலுமா என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

பிறகு படிக்கலாம் என்று ஆசை வந்து, பெறுபேறுகளை ஊரில் பல்கலைக்கழகத்திடம் எழுதிக் கேட்டேன். ஒன்பது மாதம் கழித்து வந்தது. அவர்கள் நேரே இங்கத்தைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாமல் என் விலாசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஆசையில் உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டேன். உறை திறந்திருந்தால் செல்லாது என்றார்கள். என் பெறுபேற்றை நானே பார்த்தது குற்றமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. இன்றைக்கும் அங்கேதான், விரிப்புகளை மடிக்கிறேன்.

அந்த நாட்களில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் இருந்தோம். ஒருநாள் லிஃப்ற் கதவு திறக்க உள்ளே ரகு நின்றான். தம்பி தங்கைகளைக் கனடாவுக்குக் கூப்பிடுவதற்காகச் சில வருஷம் வேலை செய்துவிட்டு, திரும்பவும் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்கிறானாம்.

"எதிலை?" என்று கேட்டேன்.

"ரொக் கிளேசியர். உமக்கு ஞாபகமிருக்கோ?"

இல்லாமலா? எங்கள் விரிவுரையாளர் ஒரே ஒரு வகுப்பில் போகிற போக்கில் சொன்ன விஷயம் அது. நான்தான் நூலகத்தில் தேடி நாலு பக்கம் எழுதிவைத்தேன். தமிழில் சொல் கிடைக்காமல், கல் மூடின பனியாறு என்பதால் கற்பனியாறு என்று நானே ஒரு பெயரும் போட்டேன். அந்த நாலு பக்கமும் அவன் கொண்டுபோன கொப்பியில் இருந்தது.

3

பிறகு நாங்கள் மல்வேர்னுக்கு மாறினோம். ரகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சிலவேளை மனைவியோடும், சாப்பிட வருவான். சிவநேசனுக்கு அவனை நல்ல விருப்பம். ஒவ்வொரு கோடையும் அவன் வடமேற்கே யூக்கன் மலைகளுக்குப் போய்வருவான். திரும்பி வந்ததும் படங்களைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் பரப்புவான். அபிராமி அவன் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். நான் குசினியில் நின்று மிளகாய் பொரிப்பேன். காது மட்டும் மேசையில் இருக்கும்.

"வெளியாலை பாத்தா வெறும் கல்லுக் கும்பி, பிள்ளை. உள்ளுக்குள்ளை முழுக்க ஐஸ். கீழை இருக்கிற நிலம் எந்தக் கோடையிலும் உருகாத உறைநிலம். அந்த ஐஸ் தன்ரை பாரத்திலை மெல்ல மெல்ல இறங்க, மேலை கிடக்கிற கல்லெல்லாம் சேர்ந்து இறங்கும்."

"ஹவ் ஃபாஸ்ற்?"

"வருசத்திலை ஒரு முழம், ரெண்டு முழம். நிண்டு பாத்தாத் தெரியாது. அதுதான் கல்லுகளுக்குச் சிவப்புப் பெயின்ற்றாலை நம்பர் போட்டு, ஒவ்வொரு ஆவணியும் போய் அளக்கிறன்."

"அம்மாவுக்கும் உது தெரியும்" என்றேன் குசினியிலிருந்து.

அபிராமி திரும்பியும் பார்க்கவில்லை. "யெஸ் அம்மா, பட் ஹி ஹஸ் பீன் தெயர்."

அன்றைக்கு மிளகாய் கருகிவிட்டது.

போன வருஷத் தொடக்கத்தில் ரகு ஒரு உதவி கேட்டான். நாலு கோடையின் அளவுக் கொப்பிகளையும் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும், படங்களை நம்பர்வாரியாக அடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் சம்பளம் தரும், வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த வேலையில் என் இடத்தில் அவனும், அவன் இடத்தில் நானும் இருந்திருக்க வேண்டும் என்று உடனே தோன்றியது. ஆனாலும் சம்மதித்தேன். கற்களின் படங்களைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்ற ஆசையை என்னால் தள்ள முடியவில்லை.

4

மாசி, பங்குனி முழுக்க வேலையால் வந்ததும் கொப்பிகளோடு இருப்பேன். சிலருக்கு மனிதர்களின் முகம் மறக்காது. எனக்குக் கல் மறக்காது. நிறம், வெடிப்பு, மேலே படிந்த பாசி, குறுக்கே ஓடுகிற வெள்ளைப் படிகக் கோடு என்று நாலைந்து கிழமையில் அவனுடைய இருபது கற்களும் எனக்கு அயலட்டை ஆட்கள்போல் ஆகிவிட்டன.

கடைசிக் கோடையில் ரகுவுக்குக் காய்ச்சல் வந்து அளவுகளில் பாதியை ஒரு மாணவி எடுத்திருந்தாள். அவளுடைய கணக்குப்படி ஆறாம் நம்பர்க் கல் ஒரே வருஷத்தில் பல முழம் கீழே பாய்ந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் 'காணவில்லை'. அது முன் சரிவால் உருண்டிருக்கும் என்று ரகு ஓரத்தில் எழுதியிருந்தான். ஆறாம் நம்பரின் ஓட்டத்தைப் பார்த்து அவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். உள்ளே உறைந்திருந்தது இளகுகிறது, அதனால்தான் நடுப்பகுதி வேகம் பிடிக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினான். வைகாசி முடிவில் மேற்கே ஒரு மாநாட்டில் வாசிக்க அழைத்திருந்தார்கள். அங்கேயே ஒரு கல்லூரி அவனை விரிவுரையாளர் வேலைக்குப் பார்க்கவும் இருந்தது.

சித்திரையில் ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த மாணவி எடுத்த படத்தைக் கையில் வைத்திருந்தேன். கல்லில் சிவப்பாக 6. ஆனால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. ஆறாம் நம்பருக்கு வெள்ளைக் கோடு கிடையாது, அது ஒன்பதுக்குத்தான். முந்தின வருஷங்களின் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஐமிச்சமே இல்லை. அவள் மலையின் மேற்பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். 9 தலைகீழாக 6 ஆகிவிட்டது. உண்மையான ஆறாம் நம்பரை அவள் கண்டுபிடிக்கவே இல்லை. எந்தக் கல்லும் பாயவில்லை. ரகுவின் கண்டுபிடிப்பு, நின்ற இடம் மாறியதால் வந்த பிழை.

ரெலிபோனை எடுத்தேன். நம்பரின் முதல் மூன்று இலக்கத்தை அழுத்தினேன். அப்பா கடிதத்தை மடித்தது நினைவில் வந்தது. வைத்துவிட்டேன்.

நாளைக்குச் சொல்வோம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று போய், பிறகு அந்த நினைப்பும் நின்றுவிட்டது. சலவை அறையில் விரிப்பை மடிக்கும்போது அவன் மேடையில் நிற்பதும், முன்வரிசையில் ஒருவர் எழும்பி அந்தப் படத்தைத் திரும்பப் போடச் சொல்வதும் எனக்குள் ஓடும். எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்தில் வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரி, "நல்ல செய்தியோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

5

அபிராமியின் பள்ளிக்கூடத்தில் வசந்த காலத்தில் பிள்ளைகள் ஏதாவது ஒரு விஷயத்தைப் பற்றிப் பெற்றோர் முன்னால் பேசுவார்கள். அவள் கற்பனியாற்றை எடுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரகு அங்கிளோடு ரெலிபோனில் மணிக்கணக்காகக் கதைத்து, அவனிடமிருந்து சிலைட்டுகளையும் வாங்கிக்கொண்டாள்.

மண்டபத்தில் சிவநேசனும் நானும் மூன்றாவது வரிசையில் இருந்தோம். அபிராமி நல்ல ஆங்கிலத்தில், கொஞ்சமும் நடுங்காமல் பேசினாள். கடைசிச் சிலைட் திரையில் விழுந்தது. சிவப்பு 6, வெள்ளைக் கோடு. சுவரளவு பெரிதாக.

"இந்தக் கல்லைப் பாருங்கள்" என்றாள் என் மகள், ஆங்கிலத்தில். "மலை வேகமாக நகரத் தொடங்கிவிட்டது என்று இந்தக் கல் சொல்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் என்னுடைய அங்கிள்." எல்லோரும் கை தட்டினார்கள். ரீச்சர் ஒருவர், உங்கள் வீட்டிலும் விஞ்ஞானிகள் இருக்கிறார்களா என்று கேட்டார். அபிராமி என் பக்கம் கையைக் காட்டி, "மை மொம் ரைப்ஸ் ஃபோர் ஹிம்" என்றாள். அவனுக்கு நான் ரைப் அடித்துக் கொடுக்கிறேனாம். அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் கூட வலித்தது.

வீடு வருவதற்குள் சிவநேசன் கார் ஓட்டிக்கொண்டே இரண்டு தரம் என்னைப் பார்த்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், பிள்ளை இறங்கிப்போன பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல், கோடு, நான் பேசாமல் இருந்த கிழமைகள் எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அவன் விழுந்தா அந்த இடம் உமக்கு வருமோ?" என்று கேட்டார்.

"வராது."

"அப்ப பிள்ளை ஏன் அத்தனை பேருக்கு முன்னாலை பொய் சொல்லவேணும்? அவளுக்குத் தெரியாது. உமக்குத் தெரியுமெல்லோ."

அதற்குப் பிறகும் இரண்டு நாள் எடுத்தது எனக்கு. பொறாமை அவ்வளவு லேசில் கையை விடாது. ரகு புறப்படுகிற நாள் காலைத் தேநீர் இடைவேளையில், சலவைப் பகுதி வாசலிலிருந்த காசு போடும் ரெலிபோனில் எடுத்தேன்.

"சொல்லும் வதனி. பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறன்."

"உம்மடை ஆறாம் நம்பர், ஆறாம் நம்பர் இல்லை."

"என்ன?"

"அது ஒன்பது. அந்தப் பிள்ளை மேலை நிண்டு பாத்திருக்கு. பழைய படங்களை எடுத்து வைச்சுப் பாரும். வெள்ளைக் கோடு ஒன்பதிலைதான் ஓடுது."

கடதாசி புரளும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எப்ப கண்டனீர்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான்.

"அஞ்சு கிழமை."

"அஞ்சு கிழமையோ? ஏன் சொல்லேல்லை?"

"எரிச்சல், ரகு. உம்மிலை எரிச்சல். அது என்ரை இடம்."

"எனக்கு ரெண்டரைக்கு ஃபிளைற்" என்றான். வைத்துவிட்டான்.

மேடையில் அவன் அந்தக் கட்டுரையை வாசிக்கவில்லை. பிழை இருக்கிறது, திரும்ப அளக்க வேண்டும் என்று சொல்லி மிச்ச அளவுகளை மட்டும் காட்டினானாம். கல்லூரி வேறொருவரை எடுத்துக்கொண்டது. இதெல்லாம் அவன் மனைவி ரெலிபோனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அக்கா, நீங்கள் ஒரு மாசம் முந்திச் சொல்லியிருந்தா அவர் வேறை ஏதும் எழுதியிருப்பார்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அழுதேன். அவனுக்காக அழுதேனா, அகப்பட்டுக்கொண்டதற்காக அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோடை பயணத்துக்குக் காசு கிடைக்காமல் அவனால் மலைக்குப் போக முடியவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. அபிராமி காரணம் கேட்டபோது அவளிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் இரண்டு கிழமை என்னோடு தமிழிலும் கதைக்கவில்லை, ஆங்கிலத்திலும் கதைக்கவில்லை.

6

இந்த வருஷம் ஆனியில் ரகுவின் குரல் ரெலிபோனில் வந்தது. சுகம் விசாரிக்கவில்லை.

"ஆவணியிலை திரும்ப அளக்கப் போறன். ஆறாம் நம்பரைத் தேடவேணும். பெயின்ற் அழிஞ்சுபோயிருக்கும். நம்பர் இல்லாமல் கல்லை அடையாளம் காணுற ஆள் உம்மைத் தவிர எனக்குத் தெரியாது."

"ரகு, நான் செய்ததுக்கு..."

"மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதையும். பத்து நாள். லீவு எடுக்க ஏலுமோ?"

சிவநேசனிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு திரும்பினேன். அவர் ஏற்கெனவே அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பையை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு சின்ன ஹெலிகொப்டர் எங்களை அங்கே இறக்கிவிட்டது. எனக்கு முன்னால் கிடந்தது, ஒரு பெரிய நாக்கைப்போல் பள்ளத்தாக்குக்குள் நீண்டிருந்த சாம்பல் நிறக் கல்வெளி. பனி ஒரு பொட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. வடிவென்று சொல்ல ஒன்றும் இல்லை. பதினைந்து வருஷம் நான் ஏங்கின இடம் இடித்துப்போட்ட கட்டடம் மாதிரி இருந்தது. ஆனால் கற்களுக்கிடையிலிருந்து சில்லென்ற காற்று காலில் பட்டது. குந்தியிருந்து காது கொடுத்தேன். எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் ஓடியது.

அந்த இடத்தில்தான் என் பொறாமை ஆக உச்சத்துக்குப் போனது. ரகு கல்லுக்குக் கல் பாய்ந்து போனான். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று அவன் காலுக்குத் தெரியும். நான் கையும் காலுமாகத் தவழ்ந்தேன். மூச்சு வாங்கியது, முழங்கால் உராய்ந்து இரத்தம் வந்தது. முதல்நாளே என் பையையும் அவன்தான் தூக்கினான். இடம் என்னுடையதாக இருந்திருக்கலாம். அந்த நடை அவனுடையது. அதை யாரும் அவனுக்கு உறையில் போட்டு அனுப்பவில்லை. இது எனக்கு விளங்கியது. விளங்கியதும் பொறாமை குறையவில்லை, கூடியது.

நாலாம் நாள் ஆறாம் நம்பரைக் கண்டுபிடித்தேன். கவிழ்ந்து கிடந்தது. பெயின்ற் அடிப்பக்கத்தில். விளிம்பிலிருந்த ஒரு துருநிறப் படையை வைத்து அடையாளம் கண்டேன். இரண்டு பேரும் இரும்பு அலவாங்கால் நெம்பிப் பிரட்டினோம், சிவப்பு தெரிந்தது. ரகு அளந்தான். மற்றக் கற்கள் போன அளவுதான் அதுவும் போயிருந்தது.

"உள்ளை சூடு ஏறுது எண்டது பொய்யில்லை" என்றான், கொப்பியைப் பார்த்துக்கொண்டே. "நிலத்துக்குள்ளை வைச்ச வெப்பமானியள் சொல்லுது. ஆனா இந்தக் கல்லு அதைச் சொல்லேல்லை."

கல் கிடந்த குழிக்குள் கையை விட்டு, சின்னக் கற்களையும் மண்ணையும் அள்ளி எறிந்தேன். முழங்கை ஆழத்தில் விரல் நுனி வழுக்கியது. ஐஸ். நீலமாக இருக்கும் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். அழுக்குச் சாம்பல். நாக்கில் வைத்துப் பார்த்தேன், மண் ருசித்தது. நான் அப்படியே படுத்துக் கிடந்தேன். எழும்ப மனம் வரவில்லை.

"இன்னும் எரிச்சலோ?" என்று மேலே நின்று ரகு கேட்டான்.

"ஓம்."

"எனக்கும் உம்மிலை கோவம் போகேல்லை."

"சரி."

"சரியெண்டா எழும்பும். பன்ரண்டாம் நம்பரை வாசியும்."

வாசித்தேன். அவன் எழுதினான். மிச்ச ஆறு நாளும் அப்படியே போனது.

7

வீட்டுக்கு வந்த அன்று அபிராமி குசினிக்குள் வந்து என் முழங்கால் காயத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். ஐஸ் எப்படி இருந்தது, சத்தம் எப்படி இருந்தது, கரடி வந்ததா, பயமாக இருந்ததா. நான் தமிழில் சொன்னேன். அவளுக்கு விளங்காத சொல் வந்தால் நிறுத்திக் கேட்டாள். தேநீர் ஆறியது, நான் சொல்லி முடிக்கவில்லை.

கடைசியில் அவள் நாடியில் கை வைத்தபடி சொன்னாள்.

"அம்மா, ரகு அங்கிள் அடுத்த வருஷமும் போவாரோ? ஹி வில் நீட் சம்வண். நான் போகட்டே?"

அவள் கண்ணில் எரிந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். தாய் என்றால் அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். ஓம் பிள்ளை, நீதான் போக வேண்டும், எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைக்கட்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லை" என்றேன். "அடுத்த வருஷமும் நான்தான் போவன்."